ஆறு மணி மாத்திரை

அத்தியாயம் 5

“என் பொண்டாட்டி என்னைக் கொஞ்சம் கொஞ்சமா கொன்னுகிட்டிருக்கா. நீங்க அதைக் கையும் களவுமா புடிக்கணும்.”

சாரம் பகுதியில் தன் வீட்டு முன்னறையில் சாய்வு நாற்காலியில் சரிந்தபடி ராஜாங்கம் இதைச் சொன்னபோது, அந்தப் பொண்டாட்டி நாலடி தள்ளி நின்று காபி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

சிவசங்கரி டம்ளரை வாங்கிக்கொண்டாள். பதினாறு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் கிளெய்ம்களைப் பிடித்துவிட்டு, இப்போது சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்திருப்பவள். அவளுடைய உதவியாளன் கொளஞ்சி தன் டம்ளரைப் பார்த்தான், ராஜாங்கத்தைப் பார்த்தான், மறுபடியும் டம்ளரைப் பார்த்தான்.

“சர்க்கரை மட்டும்தானேம்மா போட்டிருக்கீங்க?”

“பயமா இருந்தா வெச்சிடுங்க தம்பி,” என்றாள் அஞ்சலாட்சி.

கொளஞ்சி ஒரே மடக்கில் குடித்தான்.

ராஜாங்கத்துக்கு அறுபத்தாறு வயது. ரோடு கான்ட்ராக்டர். ஐந்து வாரத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரி. பிழைத்து வந்தவரோடு பதினோரு வகை மாத்திரைகளும் வீட்டுக்கு வந்தன. அதில் முக்கியமானது சாயங்காலம் ஆறு மணிக்குப் போட வேண்டியது. ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்ளும் மாத்திரை. குறைந்தால் இன்னொரு பக்கவாதம். கூடினால் எங்காவது ரத்தம் கசிந்து நிற்காமல் போகும். மாத்திரைகளைப் பிரித்துக் கொடுப்பது முழுக்க அஞ்சலாட்சியின் பொறுப்பு.

“போன வாரம் டெஸ்ட் எடுத்தாங்க. ரத்தம் தண்ணியா ஓடுதாம். இங்க பாருங்க.” இடது கையால் வலது சட்டைக் கையைத் தூக்கிக் காட்டினார். முழங்கைக்கு மேல் நாவல்பழ நிறத்தில் திட்டுத்திட்டாக ரத்தக்கட்டு. “டாக்டர் எல்லார் எதிர்லயும் கேட்டாரு, ஏம்மா டபுளா குடுக்கறீங்களான்னு. வாயைத் திறந்தாளா இவ?”

“போலீஸ்ல சொன்னீங்களா?”

“வீட்டு விஷயம்னு சிரிக்கறானுங்க. அதனாலதான் உங்களைக் கூப்பிட்டேன். வெளியாள் ஒருத்தரு பாத்துச் சாட்சி சொன்னாதான் கேப்பானுங்க. இந்தாங்க, இவ டிரங்குப் பெட்டில புடவைக்கு அடியில இருந்துச்சு.”

சட்டைப்பையில் பேனாவுக்குப் பக்கத்திலிருந்து ஒரு காலி மாத்திரை அட்டையை இழுத்துப் போட்டார். பத்துக் குழியும் காலி.

சிவசங்கரி அதைத் திருப்பிப் பார்த்தாள். அட்டையோடு சேர்த்து அவரையும் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டாள். “ரெக்கார்டுக்கு,” என்றாள். பிறகு அஞ்சலாட்சியிடம், “நீங்க என்னம்மா சொல்றீங்க?”

“டாக்டர் எழுதினதைக் குடுக்கறேன்.”

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான்.”

சமையலறையில் எல்லாவற்றையும் காட்டினாள். ஒரு பெரிய பிஸ்கட் டின். அதற்குள் அட்டைகள், கத்தரிக்கோல் ஒன்று, ஆஸ்பத்திரி கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டு. பக்கத்தில் நாளுக்கு மூன்று அறை வைத்த பிளாஸ்டிக் டப்பா. சுவரில் தினசரி காலண்டர். கிழித்த தாள்களைக் கம்பியில் குத்தி வைத்திருந்தாள். ஒவ்வொரு தாளிலும் காலை, மதியம், சாயங்காலம் என்று மூன்று பென்சில் கோடுகள். ஒன்றுகூடத் தவறவில்லை.

கொளஞ்சி துப்பறிய வருவதற்கு முன் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியாக இருந்தவன். அட்டைகளைச் சீட்டுக்கட்டு போல விரித்து எண்ணினான்.

“ஆறு மணி மாத்திரை, வாங்கினது அறுபது. வீட்டுக்கு வந்து இருபத்துமூணு நாள். மிச்சம் முப்பத்தேழு. கணக்கு டாண்ணு இருக்கு மேடம். எங்க வீட்ல எவ்ளோ நேரம் மாத்திரையைத் தேடறோமோ அவ்ளோ நேரத்துல ஜுரமே சரியாயிடும்.”

“உங்களுக்கு ஒரே பொண்ணு இல்லையாம்மா? எங்க இருக்காங்க?” என்று கேட்டாள் சிவசங்கரி.

“சிந்துஜா. லாஸ்பேட்டைல இருக்கா. புடிச்ச பையனைக் கட்டிக்கணும்னு கேட்டா. இவரு ரூம்ல போட்டுப் பூட்டினாரு. நான் பூட்டைத் திறந்து அனுப்பிட்டேன்.” மாவு சலிப்பதைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள். “மாப்பிள்ளை சிலம்பரசன், செல்போன் ரிப்பேர் கடை வெச்சிருந்தாரு.”

“இருந்தாரா?”

“எட்டு மாசம் முன்னாடி, பட்டப்பகல்ல, ஹெல்மெட் போட்ட ரெண்டு பேரு கடைக்குள்ள வந்தானுங்க. வலது கையை மேஜை மேல வெச்சு சுத்தியால அடிச்சானுங்க. நாலு விரல். ஆபரேஷன் பண்ணியும் ரெண்டு மடங்கல. முடி மாதிரி கம்பியைப் புடிச்சு வேலை செய்ற கை அது. ஆள் தெரியலன்னு கேஸை மூடிட்டாங்க.”

“உங்களுக்குத் தெரியுமா, யாருன்னு?”

அஞ்சலாட்சி டின்னை மூடினாள். மூடி சரியாகப் பொருந்தவில்லை. உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள்.

“சாயங்காலம் வாங்க. ஆறு மணிக்குத்தான் அந்த மாத்திரை குடுப்பேன். கண்ணால பாத்துட்டுப் போங்க.”

வெளியே வந்ததும் கொளஞ்சி ஸ்கூட்டரை உதைத்தபடியே பேச ஆரம்பித்தான். “கேஸ் முடிஞ்சது மேடம். கோவத்துக்குக் காரணம் இருக்கு, டிரங்குப் பெட்டி இருக்கு, காலி அட்டை இருக்கு. பாவமா இருக்கு, அது வேற விஷயம். அந்தம்மா காபி நல்லாவே போடறாங்க.”

“இந்த அட்டையைப் பாத்து உனக்கு என்ன தோணுது?”

“மாத்திரை அதேதான். ஆனா பேட்ச் நம்பர் வேற. டின்ல இருக்கறது எல்லாம் சாரம் கடையில வாங்கினது, ஒரே பேட்ச். இது வேற கடைச் சரக்கு.”

“எந்தக் கடைன்னு கண்டுபிடிக்க முடியுமா?”

கொளஞ்சி காயப்பட்டவன் போல நெஞ்சில் கை வைத்தான். “பதினெட்டு வருஷம் பையைத் தூக்கிட்டு இந்த ஊர் மருந்துக் கடை அத்தனையும் ஏறி எறங்கினவன் மேடம். ஏறுங்க.”

நெல்லித்தோப்பில் ஒரு மொத்த வியாபாரி, கொளஞ்சியின் பழைய சிநேகிதர், கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு அந்த பேட்ச் மூன்று கடைகளுக்குத்தான் போனது என்றார். முதல் இரண்டில் ஒரு அட்டைகூட விற்றிருக்கவில்லை. மூன்றாவது முத்தியால்பேட்டையில், ஒரு பிசியோதெரபி கிளினிக்குக்குக் கீழே இருந்தது. கடைக்காரர் அப்துல் கையூம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கொளஞ்சியை வரவேற்றார்.

“வா கொளஞ்சி. இன்னும் டானிக்தான் விக்கறியா?”

“இப்ப ஆளுங்களை விக்கறேன் பாய். இந்தம்மா உங்க கடைக்கு வந்தாங்களா?” சமையலறையில் செல்போனில் எடுத்து வைத்திருந்த அஞ்சலாட்சியின் படத்தை நீட்டினான்.

அப்துல் கையூம் நிதானமாகப் பார்த்தார். “இல்லையே. பாத்ததே இல்ல.”

கொளஞ்சியின் முகம் தொங்கிப்போனது. சிவசங்கரி தன் செல்போனை எடுத்து, காலையில் எடுத்த படத்தைக் காட்டினாள்.

“இவரா? மேல கிளினிக்குக்கு வருவாரு, செவ்வாய், வெள்ளி. ஆட்டோல தனியா வருவாரு. ரெண்டு வாரத்துக்கு முன்னாடி டிஸ்சார்ஜ் சீட்டைக் காட்டி ரெண்டு அட்டை வாங்கினாரு. சீட்டுல ஏற்கெனவே வேற கடை முத்திரை இருந்துச்சு, கேட்டேன். ஊருக்குப் போறோம், கையில இருக்கட்டும்னாரு. ஏன், எதாவது பிரச்சினையா?”

கொளஞ்சி சத்தம் வராமல் விசிலடித்தான். சாலைக்கு வந்ததும் கேட்டான். “அவரே வாங்கி, அவரே முழுங்கி, பழியை அந்தம்மா மேல போடறாரா? உங்களுக்கு எப்படி மேடம் தெரிஞ்சுது?”

சிவசங்கரி காலி அட்டையை வெயிலில் பிடித்தாள். “அந்தம்மா பிரிச்ச அட்டையைப் பாத்தியா? கட்டைவிரலால அழுத்தினது. வெள்ளிக் காகிதம் கிழிஞ்சு வெளியே மடங்கியிருக்கும். இதைப் பாரு. ஒவ்வொண்ணும் காகிதத்துப் பக்கமிருந்து குத்தி எடுத்தது. சின்னத் துளை, ஓரத்துல நீல மை. ரெண்டு கையும் வேலை செய்றவங்க மாத்திரை எடுக்க எதுக்குப் பேனாவைத் தேடணும்?”

“ஒரு கை விழுந்தவரு,” என்றான் கொளஞ்சி மெதுவாக. “சட்டைப்பையில பேனா வெச்சிருக்கறவரு.”

மாலை ஆறுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அவர்கள் மறுபடி சாரத்தில் இருந்தார்கள். அஞ்சலாட்சி ஒரு சின்னத் தட்டில் மாத்திரையும் பக்கத்தில் வெந்நீரும் கொண்டுவந்து ஸ்டூலில் வைத்தாள். ராஜாங்கம் அதைத் தொடாமல் சிவசங்கரியைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். பார்த்தீர்களா என்பது போல.

“இன்னிக்கு அதைப் போட வேணாம் சார்,” என்றாள் சிவசங்கரி. “நீங்க போட்டதே போதும். முத்தியால்பேட்டைக் கடைக்காரர் உங்க படத்தைப் பாத்துட்டாரு.”

அவர் முகத்தில் எதுவும் அசையவில்லை. பேனாத் துளைகளைப் பற்றிச் சொன்னபோது மட்டும் இடது கை தன்னையறியாமல் சட்டைப்பைக்குப் போய், பாதியில் நின்றது.

“சரி. இப்ப என்னான்றீங்க?” குரலில் வெட்கமே இல்லை. “என் வீட்டுப் பூட்டை என் பொண்டாட்டி திறந்தா. ஊரே கை கொட்டிச் சிரிச்சுது. டெண்டர் எடுக்கப் போனா, பொண்ணு எங்க இருக்குன்னு விசாரிக்கறானுங்க. இவளைக் கம்பிக்குப் பின்னாடி ஒக்கார வெக்காம என் கட்டை வேகாது. கொஞ்சம் ரத்தம் போனா போவுது. எனக்கு அது…”

அவர் முடிக்கவில்லை. மூக்கிலிருந்து ஒரு கோடு இறங்கி உதட்டைத் தொட்டது. துடைத்தார். மறுபடி வந்தது. துண்டை வைத்து அழுத்தினார். துண்டு சிவந்தது. வேட்டியில் சொட்ட ஆரம்பித்ததும் அவருடைய கண்கள் மாறின. இதுவரை கோபம் மட்டுமே இருந்த இடத்தில் முதல்முறையாக வேறொன்று வந்தது.

“நிக்கலியே… நிக்கலியே…”

கொளஞ்சி ஏற்கெனவே 108-ஐ அழைத்துவிட்டான். சிவசங்கரி அவரை முன்பக்கம் குனிய வைத்து மூக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் பேசினாள். ஸ்பீக்கரில் டியூட்டி டாக்டரின் குரல் வந்தது.

“வண்டி வர்ற வரைக்கும் அப்படியே அழுத்திப் புடிங்க. எக்ஸ்ட்ராவா மொத்தம் எத்தனை மாத்திரை போட்டாரு? கடைசியா எப்போ?”

“சொல்லுங்க சார்!”

“தெரியல… ரெண்டு ரெண்டா… நேத்து மூணோ… ரெண்டாவது அட்டை இருக்கு, எண்ணிப் பாத்துக்கலாம்.” இடது கையை முதுகுக்குப் பின்னால் இருந்த தலையணையின் உறைக்குள் விட்டுத் துழாவினார். இன்னும் ஆழமாக விட்டார். வெறும் கை வெளியே வந்தது.

“இதையா தேடற?”

முப்பத்து மூன்று வருடத்தில் அஞ்சலாட்சி அவரை ஒருமையில் அழைத்தது அதுதான் முதல் தடவை. ரத்தம் வடிகிற நேரத்திலும் அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே ஒரு மாத்திரை அட்டை.

“உங்களுக்குத் தெரியுமா?” என்றாள் சிவசங்கரி.

“ரெண்டாவது நாளே தெரியும். தலைகாணி உறை மாத்தும்போது விழுந்துச்சு. எண்ணினேன். எடுத்த எடத்துலயே வெச்சேன். தினமும் எண்ணினேன், தினமும் வெச்சேன். இன்னிக்கு மதியம்தான் எடுத்து முடிஞ்சுகிட்டேன்.”

“ஏம்மா தடுக்கல?”

“டாக்டர் எழுதினதை நான் குடுத்தேன். எழுதாததை அவரா போட்டுகிட்டாரு. எனக்காகக் குழி வெட்டறாருன்னு தெரிஞ்சுது. வெட்டட்டும்னு இருந்தேன். யாரு விழறான்னு பாக்கலாம்னு இருந்தேன்.”

“அஞ்சலா,” என்றார் ராஜாங்கம். வாயில் ரத்தம் புகுந்து குரல் குழறியது. “சொல்லிடு… எத்தனைன்னு டாக்டர்கிட்ட சொல்லிடு.”

“சொல்றேன். அதுக்கு முன்னாடி நீ சொல்லு. சிலம்பரசன் கையை அடிச்சது யாரு?”

“இப்பவா…”

“இப்பத்தான். உன் வலது கை விழுந்த அன்னிக்கு எனக்கு சந்தோஷமா இருந்துச்சு. அப்படி சந்தோஷப்பட்டதுக்கு வெக்கமாவும் இருந்துச்சு. அதனாலதான் ஒரு வேளைகூடத் தவறாம உனக்கு மாத்திரை எடுத்துக் குடுத்தேன். அந்தப் பையன் தட்டுல சோத்தைப் பெசையத் தெரியாம ஒக்காந்திருந்ததைப் பாத்தவ நான். யாரு அடிச்சா?”

டாக்டரின் குரல் பொறுமையிழந்து கேட்டது. “ஹலோ? எத்தனை மாத்திரை?”

ராஜாங்கம் தன் வேட்டியைப் பார்த்தார். அது இனி வெள்ளை வேட்டி இல்லை.

“கலியமூர்த்தி,” என்றார். “என் சைட்ல மேஸ்திரி. அவன்தான் ரெண்டு பேரைப் புடிச்சான். அவனுக்கு ஒண்ணும் தெரியாது, நான் சொன்னதைச் செஞ்சான். நான்தான்… வலது கையைப் பாத்து அடிக்கச் சொன்னேன். பொழப்பு ஓடக்கூடாதுன்னு சொன்னேன். போதுமா? போதுமாடி?”

அஞ்சலாட்சி சிவசங்கரியைப் பார்த்தாள். கொளஞ்சியைப் பார்த்தாள். இரண்டு பேருமே கேட்டார்கள் என்று உறுதியான பிறகு செல்போன் பக்கம் குனிந்தாள்.

“டாக்டர், பதினேழு. ஒன்பது நாள்ல பதினேழு. கடைசியா நேத்து ராத்திரி ரெண்டு. இன்னிக்கு எதுவும் போடல.”

ஆம்புலன்ஸ் சத்தம் தெருமுனையில் கேட்டது.

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவின் வெளியே பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே ரத்தக்கசிவு நின்றுவிட்டது, ஆபத்தில்லை என்று ஒரு நர்ஸ் வந்து சொல்லிவிட்டுப் போனாள். சிவசங்கரி காவல்துறைக்குத் தரவேண்டிய வாக்குமூலத்தை எழுதிக்கொண்டிருந்தாள்.

கொளஞ்சிக்கு மட்டும் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. “ஒண்ணு கேக்கலாமாம்மா? நீங்க அந்த நம்பரைச் சொல்லலைன்னாலும், ரத்தத்தை டெஸ்ட் பண்ணினா அஞ்சு நிமிஷத்துல டாக்டருக்குத் தெரிஞ்சிருக்கும். மருந்தும் குடுத்திருப்பாங்க. பதினேழோ இருபதோ, வைத்தியம் ஒண்ணுதான்.”

“தெரியும் தம்பி. போன வாரம் டெஸ்ட் எடுத்த பொண்ணைக் கேட்டு வெச்சுகிட்டேன்.” அஞ்சலாட்சி முந்தானையில் பட்டிருந்த ரத்தக்கறையைப் பார்த்தாள். “எனக்குத் தெரியும். அவருக்குத்தான் தெரியாது.”

கொளஞ்சி சிவசங்கரி பக்கம் சாய்ந்து, “சாட்சிக்கு வெளியாள் வேணும்னு நம்மளை வரவழைச்சதே அந்த மனுஷன்தான் மேடம்,” என்றான். “சொன்ன வேலையைச் சுத்தமா செஞ்சிருக்கோம்.”

மறுநாளே கலியமூர்த்தி பிடிபட்டான். அவனுக்கு முதலாளியைக் காப்பாற்றும் எண்ணம் எதுவும் இல்லை. சுத்தியால் அடிக்க அனுப்பிய இரண்டு பேரின் பெயரையும் சொன்னான். மூடிய வழக்கைத் திறந்தார்கள். போலீஸ் வந்து லாஸ்பேட்டையில் வாக்குமூலம் வாங்கியபோது, சிலம்பரசன் இடது கையால் கையெழுத்துப் போட்டான். அஞ்சலாட்சி அப்போது அந்த வீட்டில்தான் இருந்தாள். சாரத்து வீட்டுக்கு அவள் அதற்குப் பிறகு போகவில்லை.

எட்டாவது நாள் காலையில் சிவசங்கரி தன் இறுதி அறிக்கையைக் கொடுக்க வார்டுக்குப் போனாள். கேஸ் கொடுத்தவர் ராஜாங்கம், அறிக்கை அவருக்குத்தான் சேர வேண்டும். இளைத்திருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஒரு கான்ஸ்டபிள் உட்கார்ந்திருந்தார். உடல்நிலையைக் காட்டி ஜாமீன் கிடைத்துவிட்டது, அன்று டிஸ்சார்ஜ். கையெழுத்து வாங்கிக்கொண்டு போவதற்காக வந்திருந்தார் அவர்.

ராஜாங்கம் அறிக்கையை வாங்கவில்லை. கொளஞ்சி அதை அவர் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தான்.

ஒரு புது நர்ஸ் வேகமாக உள்ளே வந்தாள். கையில் டிஸ்சார்ஜ் சீட்டும், வாய் கட்டிய ஒரு கனத்த மருந்துப் பையும்.

“பன்னெண்டு வகை இருக்கு சார். ஒரு மாத்திரை ஒருநாள் விட்டு ஒருநாள், ஒண்ணு பாதியா ஒடைச்சு. நேரம் மாறவே கூடாது. விளக்கமா சொல்லணும், உங்க வீட்ல வரச்சொல்லுங்க. மாத்திரையெல்லாம் பாத்துக் குடுக்கறது யாரு?”

ராஜாங்கம் கதவைப் பார்த்தார். வராந்தாவில் யாரோ யாருடைய அம்மாவையோ சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனார்கள். கான்ஸ்டபிள் செல்போனில் மூழ்கியிருந்தார்.

காது கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, நர்ஸ் குனிந்து இன்னும் உரக்கக் கேட்டாள்.

“வீட்ல யாரு சார் இருக்கா?”